நெஞ்செரிச்சலுக்கு ஒரு சீட்டு

அவர் என்னிடம் வைத்தியத்துக்கு வரவில்லை. சீட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தார்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருபத்திரண்டு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தலைசுற்றல் என்று எல்லாம் பார்ப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு நான் அதிகம் கேட்கிற வார்த்தை எது என்று யாராவது கேட்டால் 'கேஸ்' என்று சொல்வேன். நெஞ்சு எரிந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், மருமகளோடு சண்டை போட்டு மூச்சு வாங்கினாலும் கேஸ். அதில் எது வயிறு, எது இதயம், எது மனசு என்று பிரித்தெடுப்பதுதான் என் வேலையில் பாதி. அந்தப் பாதியில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இப்போதும் உண்டு.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. சேத்தூர்க்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஓய்வு பெற்று வந்து, பன்னிரண்டு வருடமாக கல்லூரி பஸ் ஓட்டுகிறார். விடிகாலையில் சேத்தூரில் வண்டியை எடுத்தால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். யூனிஃபார்ம் சட்டையோடுதான் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில், முதுகு நிமிர்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைப் போலவே உட்கார்ந்தார்.

ஆறு வருடமாக நெஞ்சு கரிப்பாம். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை கொடுத்தார்களாம், நன்றாகக் கேட்டதாம். அதிலிருந்து அவராகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இப்போது கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், "இம்புட்டு வருஷமா டாக்டர்கிட்டக் காட்டாமலா போடுறீங்க, சீட்டு இல்லாமத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டதாம்.

"மாத்திரை பேரு எனக்கே தெரியும் டாக்டரம்மா. நீங்க எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். பிறகு அவரிடம், "கையெழுத்து எங்கயும் ஓடிராது அண்ணாச்சி, முதல்ல படுங்க" என்று சொல்லி இ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன். நெஞ்சு கரிக்கிறதுக்கு எதற்கு இ.சி.ஜி. என்று நர்ஸிடம் முணுமுணுத்தார். அவர் பின்னால் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண் நெஞ்சில் எரிகிறது என்று சொன்னால், அது வயிறுதான் என்று நான் சொல்வதற்கு முன்னால் இதயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதில் நான் யாரிடமும் விவாதம் வைத்துக்கொள்வதில்லை.

இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. நடந்தால், மாடி ஏறினால், டயர் மாற்றினால் வலிப்பதில்லை. சாப்பிட்ட பிறகு, குனிந்தால், படுத்தால் எரிகிறது. புளிச்ச தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கிறது. வாய் விட்டுச் சொன்னதைக் கேட்டாலே போதும், வேறு எந்த மெஷினும் வேண்டாம். அமிலம் மேலே ஏறுகிறது.

மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். எரிகிற அன்றைக்கு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒன்று போட்டுவிட்டுப் படுத்துவிடுவாராம். ஆறு வருடமாக இப்படி. அந்த மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போனால்தான் உருப்படியாக வேலை செய்யும். சாப்பிட்ட பிறகு போடுவது பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு பஸ் கதவைச் சாத்துவது மாதிரி என்று அவருக்குச் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தார்.

அதோடு, பிரஷர் மாத்திரை போக, இடுப்பு வலிக்கென்று ஒரு மாத்திரை வாரத்தில் நாலைந்து நாள் போட்டுக்கொள்கிறார் என்பதும் வெளியே வந்தது. அதுவும் மெடிக்கல் ஷாப் தயவுதான். அதை நிறுத்தச் சொன்னேன். கடைசியாக, நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். சாப்பாடு நெஞ்சில் சிக்குகிறதா? எடை குறைந்திருக்கிறதா? வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம்? எல்லாவற்றுக்கும் "இல்லம்மா, இல்லம்மா" என்று வரிசையாகப் பதில் வந்தது. சோதனைச் சாவடியில் பேப்பர் காட்டுகிறவரின் வேகம் அதில் இருந்தது. அதை அன்று நான் கவனித்தேனா என்று இன்று சொல்லத் தெரியவில்லை.

சிக்கல் இல்லாத எதுக்களிப்புக்கு வாய் வழியாக டியூப் விட்டு, எண்டோஸ்கோபி செய்து உள்ளே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இதைச் சொல்லும் தைரியம் ஒரு வைத்தியருக்கு வேண்டும். வருகிறவர்களை எல்லாம் மதுரைக்கு ஏற்றி அனுப்பிவிட்டால் நமக்குப் பழி வராதுதான், ஆனால் அது வைத்தியம் இல்லை. மாத்திரையைச் சரியாகக் கொடுத்து, நாலு வாரம் பார்ப்பது; கேட்டால் குறைப்பது; கேட்காவிட்டால் மேலே யோசிப்பது. அவருக்கு வயதும் ஆகிறது, தொல்லையும் பல வருடமாக இருக்கிறது என்பதால், பின்னால் ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்து நோட்டில் ஒரு மூலையில் குறித்து வைத்தேன். அவசரம் ஒன்றும் தெரியவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் வாயை மூடிவிட வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை. நாலு வாரம் கழித்து வர வேண்டும். இம்புட்டையும் சொல்லி, சீட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

சொன்ன நாளில் வந்துவிட்டார். எரிச்சல் சுத்தமாகப் போய்விட்டது என்றார். அரை மணி நேரம் முன்னால் போடுகிற ரகசியத்தை ஆறு வருடத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றார். ரத்தப் பரிசோதனை செய்யவில்லை, நேரம் கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மொத்தமாக எழுதித் தந்தால் அடிக்கடி வந்து தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அன்று அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தைராய்டு. என்னிடம் காட்ட வேண்டும் என்று வந்து, கணவர் முடியட்டும் என்று சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேத்தூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். அதிகம் பேசாத முகம். நான் சீட்டு எழுதிக்கொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, "ஏம்மா, அண்ணாச்சி ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பிட்டுருதாரா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா? அவிய எங்கூட உக்காந்து சாப்பிட்டு ஏழு மாசம் ஆகுது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்விடுவார். வெளிச்சத்தில் சாப்பிடுவதில்லை. தோசையானாலும் சப்பாத்தியானாலும் குழம்பில் ஊறப்போட்டுக் கூழாக்கித்தான் சாப்பிடுவார். கறி எடுத்தால் துண்டு தட்டிலேயே கிடக்கும். முதலில் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த அம்மா மசாலாவை மாற்றியிருக்கிறார், எண்ணெயை மாற்றியிருக்கிறார். பிறகு, தன் மேல்தான் ஏதோ கோபம் என்று முடிவு செய்துவிட்டார். என்ன கோபம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடுவாராம். இருபத்தொன்பது வருடத்தில் இப்படி இருந்ததே இல்லையாம். கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

"கோவம்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி.

"எடை குறைஞ்சிருக்காம்மா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவரிடம் கேட்டிருந்தால் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

"கிலோக் கணக்கு எனக்குத் தெரியாது. யூனிஃபார்ம் பேன்ட்டு இடுப்ப ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்திருக்கேன். மொதல்ல ஒண்ணரை இஞ்சு, பொறவு தீபாவளிக்கு முன்ன ஒரு இஞ்சு."

தையல்காரரின் கணக்கு. எந்த எடை மெஷினை விடவும் அதை நம்பலாம். ஏழு மாதத்தில் இரண்டரை அங்குலம்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பன்னும் ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கி வரச் சொன்னேன். நர்ஸ் வாங்கி வந்தார். பன்னில் ஒரு சின்னத் துண்டு பிய்த்து அவரிடம் கொடுத்து, தண்ணீர் குடிக்காமல் சாப்பிடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் மனைவியைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். ஒரு சின்னத் துண்டுக்கு அத்தனை நேரம் தேவையே இல்லை. விழுங்கினார். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக எழுந்து நின்றார். தோளைப் பின்னால் தள்ளி, கையை நெஞ்சுக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கோத்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்து, இறங்கட்டும் என்று காத்திருந்து, இன்னொரு வாய் குடித்த பிறகு உட்கார்ந்தார்.

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, குரலை உயர்த்தாமல், "எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார். அதில் இரக்கத்தை விடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி யோசிக்க ஒன்றும் இல்லை. எரிச்சல் நின்றது மாத்திரையால். சிக்குவது மாத்திரையால் நிற்கவில்லை. சிக்குகிறது, எடை குறைகிறது என்று இரண்டும் சேர்ந்துவிட்டால் அப்புறம் மாத்திரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உள்ளே பார்த்தே ஆக வேண்டும், அதுவும் இந்த வாரமே. மதுரையில் என்னோடு படித்தவர் ஒருவர் குடல் நோய் நிபுணராக இருக்கிறார். அவர்கள் இருவரும் எதிரில் இருக்கும்போதே அவருக்கு போன் போட்டு, வியாழக்கிழமை நேரம் வாங்கினேன்.

அண்ணாச்சி மறுத்தார். டியூபுக்குப் பயந்து என்று முதலில் நினைத்தேன், அது இல்லை. காரணம் வேலைதான். ஒவ்வொரு வருடமும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். வேறு எங்கோ பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை, நெஞ்சில் ஏதோ கோளாறு என்று ஒரு ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதை இவர் கேள்விப்பட்டிருக்கிறார். அதனால்தான் ஏழு மாதம் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. மனைவியிடம் சொன்னால் மைத்துனருக்குப் போகும், மைத்துனரிடமிருந்து ஊருக்குப் போகும், ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் என்று ஒரு ரூட் போட்டு வைத்திருந்தார். என்னிடம் முதல் நாள் இல்லை இல்லை என்று சொன்னதும் அதற்காகத்தான். டாக்டர் எழுதினால் அது பேப்பர். பேப்பர் எங்கே வேண்டுமானாலும் போகும்.

"வண்டிய விட்டா எனக்கு வேற ஒண்ணுந் தெரியாதும்மா" என்றார்.

நான் பிசுபிசுவென்று ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. "உங்க இதயம் நல்லாருக்கு, இ.சி.ஜி. எங்கிட்ட இருக்கு. கண்ணு நல்லாருக்கு. சாப்பாடு இறங்குற குழாய்க்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தம் இல்ல. இன்னைக்கு நீங்க வண்டி ஓட்டத் தகுதியான ஆளான்னு என்னைக் கேட்டா, ஆமான்னு எழுதித் தருவேன். ஆனா சாப்பிடாம உடம்பு இளைச்சு, ரத்தம் குறைஞ்சு, ஒருநாள் ரோட்டுல கண்ணு இருட்டினா அப்ப என்னால எழுத முடியாது. நான் எழுதித் தரணும்னா வியாழக்கிழமை போங்க" என்றேன்.

டியூப் எப்படி இருக்கும் என்று கேட்டார். அங்கேதான் அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கு என்னால் புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொல்ல முடிந்தது. எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஓ.பி. முடிந்து வீடு போய், நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டுப் படுத்தே நாற்பது வயதில் வாங்கிக்கொண்டேன். நோயாளிகளிடம் எட்டு மணி என்று சொல்கிற வாய், பத்து மணிக்குத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் ஒருமுறை அந்த டியூபை விழுங்கியிருக்கிறேன், மயக்க ஊசி இல்லாமல். அவரிடம் உள்ளதைச் சொன்னேன். தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், கசக்கும். டியூப் தொண்டையைத் தாண்டும்போது ஓங்கரிக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், அது அவமானம் இல்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவார்கள். பயமாக இருந்தால் தூங்க வைக்க ஊசியும் உண்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

"நீங்க ஊசி போடாமலே பாத்தீயளா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்றார். பட்டாளத்துக்காரர்.

வியாழக்கிழமை வரை எனக்கு நிம்மதி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையை அன்றே செய்ய வைத்தேன், ரத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயது, கெட்டியான சாப்பாடு சிக்குகிறது, எடை இழப்பு, ரத்தக் குறைவு. இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எந்த மருத்துவ மாணவனிடம் கொடுத்தாலும் அவன் முதலில் எழுதும் பெயர் எனக்கும் தெரியும். முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டுமோ என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். கேள்வியைக் கேட்டேன், பதில் பொய்யாக வந்தது, அது வரைக்கும் சரி. ஆனால் பெல்ட்டுக்குக் கீழே சுருக்கம் விழுந்திருந்த பேன்ட் என் கண் முன்னால்தான் இருந்திருக்கும். எடை மெஷின் என் கதவுக்குப் பின்னால் துணி மூடிக் கிடந்தது. நாலு வாரம் போய்விட்டது. நாலு வாரம் பெரிய காலம் இல்லை என்று என் படிப்பு சொன்னது. அது உண்மைதான். அதற்காக மனசு கேட்டுவிடவில்லை. மறுநாள் முதல் வேலையாக அந்த மெஷினை எடுத்து வாசலுக்கு நேராகப் போட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மதுரையிலிருந்து போன் வந்தது. உணவுக்குழாயின் கீழ்முனை சுருங்கிக் கிடக்கிறது, டியூபே சிரமப்பட்டுத்தான் போனது என்றார் நண்பர். பல வருடமாக அமிலம் பட்டுப் பட்டு, புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகித் தழும்பு கட்டியிருக்கிறது. வயிற்றின் மேல்முனை கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் ஏறியும் இருக்கிறது. பார்வைக்குப் புற்று மாதிரித் தெரியவில்லை, ஆனால் பார்வையை நம்ப வேண்டாம், சதை எடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கணவனும் மனைவியும் மறுநாள் வந்தார்கள். அவருக்கு முடிவு வரும் வரை கஞ்சி, மசித்த சாதம், பருப்பு என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியதைச் சீட்டைப் பார்க்காமலே அந்த அம்மா ஒப்பித்துக் காட்டினார். இந்தத் தடவை இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் பேசிக்கொள்ளவில்லை. அது வேறு விஷயம், அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. புற்றாக இருக்குமா என்று அந்த அம்மா நேராகவே கேட்டார். இருக்காது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "இல்லன்னுதான் நினைக்கேன். ஆனா ரிசல்ட் வராமச் சத்தியம் பண்ண மாட்டேன். எதுவா இருந்தாலும் அடுத்து என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். அந்த அம்மாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது.

ஆறாவது நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. புண்ணும் தழும்பும்தான்.

நானே போன் போட்டுச் சொன்னேன். மத்தியானம், அவர் கிருஷ்ணன்கோவிலில் பஸ் நிறுத்தும் இடத்தில் மரத்தடியில் இருந்திருக்கிறார். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். லைனை வைக்கவில்லை. பிறகு, "வீட்டுக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். சரி, முதலில் அதைச் செய்யுங்கள் என்று சொல்லி நானே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேலைதான். இப்படிப்பட்ட வேலை எனக்குப் பிடிக்கும். செய்ய வேண்டியது தெளிவாகத் தெரியும், செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். மதுரையில் உள்ளே பலூன் வைத்து அந்தச் சுருக்கத்தை விரித்தார்கள். மூன்று வாரம் விட்டு இன்னொரு தடவை. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். பிரஷருக்கு அவர் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை, வயிற்றின் மேல்வாயைத் தளர்த்திவிடுகிற ஜாதி. அதை வேறு ஒன்றாக மாற்றினேன். இடுப்பு வலி மாத்திரைக்குப் பதிலாக பாரசிட்டமாலும் நாலு உடற்பயிற்சியும். பஸ்ஸில் உட்காரும் இடத்தில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தையும் வாங்கச் சொன்னேன்.

கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்தச் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை. இரண்டு தலையணை வைத்துக்கொள்கிறேன் என்றார். தலையணை கழுத்தை மட்டும்தான் தூக்கும், வயிறு மடங்கி அமிலத்தை மேலேதான் தள்ளும், நெஞ்சு முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும் என்று கையைச் சாய்த்துக் காட்டினேன். "லோடு வண்டிய மேட்டுல ஏத்தி நிறுத்தினா டீசல் எந்தப் பக்கம் நிக்கும்?" என்று கேட்டேன். அது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமரக் கட்டையில் இரண்டு துண்டு அறுத்து, கட்டிலின் கால் நழுவாமல் இருக்க நடுவில் குழி தோண்டி, கட்டிலை ஏற்றிவிட்டார். போட்டோ எடுத்து வந்து காட்டினார். முதல் இரண்டு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தார்களாம் இரண்டு பேரும். பிறகு பழகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி டியூப் விட்டுப் பார்த்ததில் புண் முழுக்க ஆறியிருந்தது. பயப்படும்படி வேறு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டோடு வந்த அன்று என் வாசல் மெஷினில் நாலு கிலோ ஏறியிருந்தார். பேன்ட் இடுப்பை மறுபடி பிரித்துவிட வேண்டியதாகிவிட்டது என்று அந்த அம்மா குறை சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லும்போது முகம் அப்படி இல்லை. முந்தின வாரம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டிருக்கிறார். அந்த அம்மா பக்கத்து இலையில் உட்கார்ந்து, தன் சாப்பாட்டை விட்டுவிட்டு, அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்றுதான் எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். இந்த மாத்திரையை அதிகநாள் போட்டால் கிட்னி போய்விடும், எலும்பு போய்விடும், மறதி வந்துவிடும் என்று அதில் வரிசையாக இருந்தது.

முன்பு சீட்டே இல்லாமல் ஆறு வருடம் போட்டவர், சீட்டோடு போடப் பயப்படுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. தேவை இல்லாமல் இந்த மாத்திரையை வருடக் கணக்கில் விழுங்குகிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு நானே நிறுத்தியிருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. ஆனால் இவர் கதை வேறு. தழும்பு கட்டும் அளவுக்குப் புண் வந்த குழாய் இது. மாத்திரையை நிறுத்தினால் அமிலம் திரும்ப வரும், புண் திரும்ப வரும், அப்புறம் சுருக்கமும் திரும்ப வரும். மாத்திரையால் வரலாம் என்கிற கெடுதலையும், நிறுத்தினால் வரப்போகிற கெடுதலையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு வேளையாகக் குறைக்கிறேன், நிறுத்த மாட்டேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்வோம் என்றேன். மூன்று வாரம் கழித்து ஒரு தடவையும், சித்திரை பிறந்து ஒரு தடவையும் திரும்பக் கேட்டுப் பார்த்தார். நானும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் அந்த வருடமும் அடுத்த வருடமும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் எழுதினேன். இப்போதும் அதே ரூட்டில்தான் ஓட்டுகிறார். சில நாள் காலையில் நான் ராஜபாளையத்துக்கு வருகிற நேரத்தில் எதிரே அந்த பஸ் வரும். ஹாரன் அடிக்க மாட்டார், விளக்கை ஒருமுறை போட்டு அணைப்பார்.

போன மாதம் அவர் ஒரு ஆளை அனுப்பிவைத்தார். வன்னியம்பட்டிக்காரர், அதே கல்லூரியில் பஸ் ஓட்டுகிறவர், முப்பத்து நாலு வயது. ஒரு மாதமாக நெஞ்சு கரிப்பாம். வந்து உட்கார்ந்ததுமே, "அண்ணன் எல்லாம் சொல்லித்தான் அனுப்பிருக்காக. டியூப் எழுதிருங்கம்மா" என்றார். இ.சி.ஜி. எடுத்தேன், எடை பார்த்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லி, அவர் மனைவிக்கு போன் போட்டு அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். தட்டில் போட்டது மட்டுமில்லை, சட்டியில் இருப்பதையும் சேர்த்துச் சாப்பிடுகிறார், சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிறார் என்று பதில் வந்தது.

டியூப் வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கி, நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் மாத்திரை, அது போதும் என்றேன். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். உறுதியாகத்தான் என்றேன். மதுரைக்குப் போவதற்கென்று லீவு வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் எழுந்து போனார்.